சதுப்பில் விளைந்த கரி: ‘பீட்’ எடுக்கும் தொழிலும் நம் தேங்காய் நார்த்தூளும்

புனேயில் நம் சங்கக் குடும்பங்கள் வசிக்கும் அடுக்ககங்களில் இன்று நாலு தொட்டியாவது இல்லாத பால்கனியைப் பார்ப்பது அரிது. கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி என்று ஊர் வாசனையைத் தொட்டியில் வைத்து வளர்க்கிறோம். நல்ல மண் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் ஆறாவது மாடிக்கு யார் சுமப்பது? ஆகவே எல்லோரும் ‘கோகோபீட்’ கட்டி வாங்குகிறோம். ‘கோகோ’ தேங்காயைக் குறிக்கிறது என்பது புரிகிறது. ‘பீட்’ என்றால் என்ன? சங்கக் கூட்டங்களில் அன்பர்கள் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. முப்பது வருஷத்துக்கு மேலாக நாற்றுப் பண்ணைகளுக்கும் பாலிஹவுஸ்களுக்கும் வளர்ப்பு ஊடகம் வாங்கிக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். அசல் பீட், நம்ம ஊர் நார்த்தூள் இரண்டையும் மூட்டை மூட்டையாகக் கையில் அளைந்தவன் என்ற முறையில் இந்தக் கட்டுரையை எழுதத் துணிகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோகோபீட்டில் பீட் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. பீட் செய்கிற வேலையைச் செய்யும் மாற்றுப் பொருள் என்பதால் வந்த வியாபாரப் பெயர் அது. மாற்றுப் பொருளின் அருமை தெரிய வேண்டுமானால் அசலின் கதை தெரிய வேண்டும்.

பீட் உண்டாகும் விதம்

சாதாரணமாக ஒரு செடி செத்தால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் பூச்சிகளும் அதைத் தின்று தீர்த்துவிடும். அந்த வேலைக்குக் காற்று வேண்டும். வருஷம் முழுவதும் தண்ணீர் தேங்கி நிற்கும் குளிர்ப் பிரதேசச் சதுப்பில் காற்று உள்ளே போகாது. அங்கே விழும் செடி பாதி மட்கி, மீதி அப்படியே படிந்துவிடுகிறது. அதன்மேல் அடுத்த வருஷத்துச் செடி, அதன்மேல் அதற்கடுத்தது என்று அடுக்கு ஏறிக்கொண்டே போகும். பழுப்பும் கறுப்புமான இந்தப் படிவுதான் பீட். தமிழில் ‘முற்றா நிலக்கரி’ என்று சொல்வதுண்டு, பொருத்தமான பெயர். நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் பீட்டாக இருந்ததுதான். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் அழுந்திக் கிடந்து ஒரு படி முற்றிவிட்டது.

ஐரோப்பியச் சதுப்புகளில் இந்த வேலையை முக்கியமாகச் செய்வது ‘ஸ்பாக்னம்’ என்ற பாசி. தன் உலர்ந்த எடையைப் போல 20 மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள நீரைப் புளிப்பாகவும் ஆக்கிவிடும். புளிப்பும் காற்றின்மையும் சேர்ந்தால் எதுவும் அழுகாது. 1950-இல் டென்மார்க்கில் பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனித உடலைக் கண்டார்கள். புதிதாக நடந்த கொலையோ என்று காவல் துறைக்குச் சொல்லியனுப்பினார்கள். ஆராய்ந்தபோது அந்த மனிதர் இறந்து சுமார் 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன! முகத்தில் தாடி மயிர் உட்பட எல்லாம் அப்படியே இருந்தது. ‘டோலுண்ட் மனிதன்’ என்று இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கமும் பீட் இல்லாமல் இல்லை. நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில், உதகை அருகே சாண்டிநல்லா போன்ற இடங்களில், பீட் படிவுகள் உண்டு. இவற்றின் அடுக்குகளில் உள்ள கரிம ஓரகத் தனிமங்களை அளந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் பருவமழை எப்போது வலுத்தது, எப்போது நலிந்தது என்று ஆர். சுகுமார் முதலிய நம் நாட்டு விஞ்ஞானிகள் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பீட் என்பது மழையின் நாட்குறிப்பு என்றும் சொல்லலாம்.

இந்தக் கட்டுரைக்கு உயிரான எண் ஒன்று உண்டு. பீட் சராசரியாக வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர் வளர்கிறது. ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் வருஷம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கையால் வெட்டிய காலம்

பீட் தொழிலை அறிய அயர்லாந்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே சொல்லிக்கொள்ளும்படியான நிலக்கரி வளம் இல்லை. காடுகளும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. அடுப்பெரிக்க இருந்தது சதுப்பு ஒன்றுதான்.

‘ஸ்லான்’ என்று ஒரு மண்வெட்டி. அதன் ஓரத்தில் ஒரு சிறகு போல இன்னொரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே குத்தில் இரண்டு பக்கமும் அறுபட்டு, செங்கல்லைவிடச் சற்று நீளமான ஈரக் கட்டி வரும். ஒருவர் வெட்ட, இன்னொருவர் வாங்கித் தள்ளுவண்டியில் அடுக்கிக் கொண்டுபோய்ப் பரப்புவார். மேலே காய்ந்து ஓடு கட்டியதும் ஐந்தாறு கட்டிகளைக் கூம்பு மாதிரி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவார்கள். நம் செங்கல் சூளைகளில் பச்சைக் கல்லைக் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பிறகு பெரிய போராக வைத்து, குளிர்காலத்துக்கு வீட்டுக்குக் கொண்டு போவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஆரம்பித்துக் கோடை முடிவதற்குள் குடும்பமே சேர்ந்து முடிக்கும் வேலை.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்திலிருந்து வரும் நிலக்கரி குறைந்துபோனதும், நாட்டுக்கே எரிபொருள் இதுதான் என்றாகிவிட்டது. தலைநகர் டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காச் சாலையோரம் நெடுக பீட் போர்கள் மலைபோல் நின்றன. மேற்கு மாவட்டங்களிலிருந்து இளைஞர்களை வரவழைத்து, கில்டேர் மாவட்டத்தில் முகாம்களில் தங்கவைத்து வெட்டச் சொன்னார்கள். வயிற்றுப்பாட்டுக்காக ஊரைவிட்டு வந்து, பொதுச் சமையலில் சாப்பிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பின வாழ்க்கை. நம் பெரியவர்கள் பலருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இயந்திர அறுவடை

கைவேலையால் ஒரு நாட்டின் தேவையை ஈடுகட்ட முடியாது. 1934-இலேயே அரசு பீட் வளர்ச்சிக்கென்று ஒரு வாரியம் அமைத்தது. அதன் தலைவர் டாட் ஆண்ட்ரூஸ் 1935-இல் ஜெர்மனிக்கும் சோவியத் நாட்டுக்கும் போய் அங்குள்ள இயந்திர முறைகளைப் பார்த்து வந்தார். 1946-இல் ‘போர்ட் ந மோனா’ என்ற அரசு நிறுவனம் உருவானது. ஐரிஷ் மொழியில் ‘பீட் வாரியம்’ என்று பொருள்.

இயந்திர முறையின் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. இயற்கைச் சதுப்பில் எடைக்கு 90 முதல் 95 சதவீதம் வரை தண்ணீர்தான். அதன்மேல் டிராக்டர் ஏறினால் புதைந்துவிடும். ஏறத்தாழ 15 மீட்டருக்கு ஒன்றாக நீண்ட வாய்க்கால்கள் வெட்டி, பல வருஷம் வடியவிடுவார்கள். பிறகு மேலே உள்ள உயிர்ப் பாசியைச் சுரண்டி எடுத்தால் கன்னங்கரேல் என்று பரந்த வயல் கிடைக்கும்.

அடுத்து நடப்பதை நம் களத்து வேலையோடு ஒப்பிட்டால் சுலபமாக விளங்கும். முதலில் முள் உருளை பூட்டிய இயந்திரம் வயலின் மேல்பரப்பை ஒரு சென்டிமீட்டர் அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தூளாக்கிவிட்டுப் போகும். தூள் வெயிலிலும் காற்றிலும் காயும். நெல் காயப்போட்டுவிட்டுக் காலால் துழாவி விடுவோமல்லவா? அதே மாதிரி கரண்டி பொருத்திய சட்டம் ஒன்று புரட்டிக்கொண்டே போகும். இரண்டு மூன்று நாளில் ஈரம் 80 சதவீதத்திலிருந்து பாதிக்கு இறங்கும். அப்போது வயலின் நடுவே நீளமான வரப்பாக ஒதுக்கி, அறுவடை இயந்திரத்தால் வாரி, குறிப்பிட்ட வயலில் அம்பாரம் போட்டு, பாலிதீன் விரிப்பால் மூடிவிடுவார்கள். மூடாவிட்டால் மழையில் நனைந்து பாழ். அம்பாரத்துக்குள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கிற அபாயமும் உண்டு. அதனால் கண்காணிப்பு இருந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து குறுகிய இருப்புப்பாதையில் சின்ன ரயில்கள் சரக்கை இழுத்துப் போகும்.

மூன்று நாள் மழையில்லாமல் இருந்தால் ஓர் அறுவடை. ஒரு கோடையில் பத்துப் பன்னிரண்டு தடவை கிடைத்தால் நல்ல வருஷம். மழைக்காலம் நீண்டுவிட்டால் நஷ்டம். எந்திரம் எத்தனை வந்தாலும் கடைசியில் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்!

பல பொருளாகும் பீட்

அயர்லாந்தில் இதன் பெரும்பகுதி மின்சாரத்துக்குப் போனது. 1950-இல் போர்ட்டார்லிங்டனில் முதல் பீட் மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. வீட்டு அடுப்புக்கு வேறு பக்குவம். தூளைச் சலித்து, ஈரம் பத்து சதவீதம் வரும்வரை உலர்த்தி, பெரும் அழுத்தத்தில் அச்சில் இடித்தால் ‘பிரிக்கெட்’ என்ற கட்டி கிடைக்கும். பசை எதுவும் சேர்ப்பதில்லை. பீட்டிலேயே இருக்கும் பொருள்கள் அழுத்தத்தில் ஒட்டிக்கொள்கின்றன.

தோட்டக்கலைக்குப் போகும் பீட் வேறு ரகம். சதுப்பின் மேலடுக்கில் உள்ள, அதிகம் மட்காத இளம் பழுப்பு பீட்டுக்கு ‘வெள்ளை பீட்’ என்று பெயர். காற்றும் தண்ணீரும் ஒருசேரத் தங்கும் நுண்துளைகள் இதில் நிறைய. கனடாவில் இதை வயலிலிருந்து வாக்குவம் கிளீனர் மாதிரி உறிஞ்சியே எடுக்கிறார்கள். தொழிற்சாலையில் பல அளவுச் சல்லடைகளில் பிரித்து, அதன் கடும்புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்புத் தூள் கலந்து, கொஞ்சம் உரமும் தண்ணீர் ஏற்கும்படி செய்யும் மருந்தும் சேர்த்து, பாதிக்குப் பாதி அழுத்தி மூட்டை கட்டுவார்கள். களை விதை கிடையாது, நோய்க் கிருமி குறைவு, ஒவ்வொரு மூட்டையும் ஒரே தரம். நாற்று வளர்ப்பவருக்கு வேறென்ன வேண்டும்? தளேகாவ் பக்கம் பூ வளர்க்கும் பாலிஹவுஸ்களுக்கு நான் சரக்கு வாங்கிக் கொடுக்க ஆரம்பித்த காலத்தில், பால்டிக் கடல் நாடுகளிலிருந்து கப்பலில் வந்த இந்த மூட்டைகளுக்குத்தான் மதிப்பு.

அடியடுக்கின் கறுப்பு பீட், பட்டன் காளான் வளர்ப்பில் மேல்மண்ணாகப் பரப்ப உதவுகிறது. பீட்டை மூடிய சூளையில் கரியாக்கி நீராவியால் பக்குவப்படுத்தினால், தண்ணீரைச் சுத்திகரிக்கும் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ கிடைக்கும். அதே பொருளை நம் பக்கம் தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து எடுக்கிறோம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் முளைவிட்ட பார்லியைப் பீட் புகையில் காய வைக்கிறார்கள். அந்த ஊர் விஸ்கியின் புகைவாசம் அதிலிருந்து வருவது.

கணக்கு இடித்த இடம்

இப்போது அந்த 1 மில்லிமீட்டரை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஓர் அறுவடைக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் பத்து அறுவடை என்றால், ஒரு கோடையில் 10 சென்டிமீட்டர் போய்விடும். இயற்கை அதைச் சேர்க்க நூறு வருஷம் ஆகும். தாத்தா, அப்பா, மகன், பேரன் என்று நாலு தலைமுறைச் சேமிப்பை ஒரே கோடையில் செலவு செய்வதற்கு ‘அறுவடை’ என்று பெயர் சொல்லலாமா? உண்மையில் இது சுரங்கத் தொழில்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. பூமியின் நிலப்பரப்பில் பீட் நிலங்கள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகளின் மரஞ்செடிகள் அத்தனையிலும் உள்ளதைவிட அதிகமான கரிமம் இவற்றில் அடங்கியிருக்கிறது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்ததுமே உள்ளே காற்று புகுந்து, ஆயிரக்கணக்கான ஆண்டு அழுகாமல் இருந்தது அழுக ஆரம்பித்துவிடும். எரித்தாலும் எரிக்காவிட்டாலும் அது கரியமில வாயுவாக மேலே போவது நிச்சயம். எரிபொருளாகப் பார்த்தாலும், அதே அளவு வெப்பத்துக்கு நிலக்கரியைவிடப் பீட் அதிகக் கரியமில வாயுவை விடுகிறது.

வடித்த பீட் நிலம் தீப்பிடித்தால் அணைப்பது மகா கஷ்டம். நிலத்துக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். இந்தோனேசியாவின் காலிமந்தானில் நெல் விளைவிப்பதற்காக 1996-இல் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் பரப்பில் வாய்க்கால் வெட்டும் திட்டம் தொடங்கினார்கள். நெல் விளையவில்லை. 1997-இல் பெருந்தீ மூண்டது. 2015-இலும் இந்தோனேசியாவில் பீட் தீ பரவியபோது, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் உள்ள நம் குடும்பங்கள் அந்தப் புகைமூட்டத்தைப் பற்றித் தொலைபேசியில் கேட்டிருப்பார்கள்.

அயர்லாந்தும் கடைசியில் திரும்பிப் பார்த்தது. 2020 டிசம்பரில் இரண்டு பெரிய பீட் மின்நிலையங்கள் மூடப்பட்டன. 2021 ஜனவரியில் போர்ட் ந மோனா பீட் எடுப்பதை நிரந்தரமாக நிறுத்துவதாக அறிவித்தது. ஈடன்டெரியில் இருந்த கடைசி மின்நிலையமும் 2023-ஆம் ஆண்டின் இறுதியோடு பீட் எரிப்பதை நிறுத்தி, மரக்கழிவு போன்ற தாவர எரிபொருளுக்கு முழுவதுமாக மாறியது. வடிகால்களை அடைத்து, தண்ணீரை மீண்டும் தேங்கவிட்டு, 33,000 ஹெக்டேர் சதுப்பைச் சீர்செய்யும் வேலையை அதே நிறுவனம் மேற்கொண்டது. நேற்று வாய்க்கால் வெட்டிய கைகளே இன்று அதை மூடுகின்றன.

இது வலியில்லாமல் நடந்துவிடவில்லை. மூன்று தலைமுறையாக இந்தத் தொழிலை நம்பியிருந்த மத்திய அயர்லாந்து ஊர்களில் வேலை போனது. காளான் பண்ணைகளும் நாற்றுப் பண்ணைகளும் பீட்டுக்குத் தவித்தன. விளைவு? 2021 செப்டம்பரில் லாட்வியாவிலிருந்து சுமார் 3,600 டன் பீட் கப்பலில் அயர்லாந்துக்கு வந்து இறங்கியது! தன் வீட்டில் வெட்டுவதை நிறுத்திவிட்டு அடுத்த வீட்டில் வெட்டினதை வாங்குவது தீர்வாகுமா என்று அங்கேயே கேட்டார்கள். சரியான மாற்று கையில் இருந்தால்தான் தடை பலிக்கும்.

பொள்ளாச்சியின் பங்கு

அந்த மாற்றுகளில் முக்கியமான ஒன்று நம் ஊர் மட்டை மில்லின் பின்பக்கம் குப்பையாகக் கிடந்தது. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும்போது, ஒரு கிலோ நாருக்குச் சுமார் இரண்டு கிலோ தூள் உதிர்கிறது. சீக்கிரம் மட்காது, மழையில் கறுப்புச் சாறு இறங்கும். ஒரு காலத்தில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இதைச் சாலையோரம் கொட்டுவார்கள், கொளுத்துவார்கள். சும்மா எடுத்துப்போகச் சொன்னாலும் ஆள் கிடையாது. ஆனால் மட்காத குணம், பஞ்சு போன்ற துளைகள், தண்ணீர் பிடிக்கும் சக்தி ஆகிய மூன்றும் பீட்டுக்கு வேண்டிய இலட்சணங்கள் அல்லவா? இன்று இந்தியாவின் தென்னைநார்ப் பொருள் ஏற்றுமதியில் அளவில் முதலிடம் இந்த நார்த்தூளுக்குத்தான்.

தயாரிக்கும் விதம் இது. தூளைச் சலித்து நார்ப்பிசிறு நீக்குவார்கள். தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உப்பாக இருக்கும். அது இளம் வேரைப் பொசுக்கிவிடும் என்பதால் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். உயர்ந்த ரகத்துக்குக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைப்பார்கள். தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டுக் கால்சியம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு சிமெண்டுக் களத்தில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்து, அச்சில் அழுத்தி ஐந்து கிலோ கட்டியாகவும் 650 கிராம் செங்கல்லாகவும் ஆக்குவார்கள். அயர்லாந்து வயலில் நடந்த அதே காயவைத்தல், புரட்டல், அம்பாரம்தான். ஒரே ஒரு வித்தியாசம்: சதுப்பு நூறு வருஷத்தில் சேர்ப்பதை எடுத்துவிட்டால் போனது போனதுதான்; தென்னையோ நாற்பத்தைந்து அறுபது நாளுக்கு ஒருமுறை அடுத்த வெட்டுக்குக் காய் தருகிறது.

கழுவின தண்ணீர் எங்கே போகிறது?

ஊர்ப்பெருமை பேசி இங்கே முடித்துவிட மனசு வரவில்லை. கழுவின தண்ணீர் எங்காவது போயாக வேண்டுமே! உப்பும் நிறமும் ஏறிய அந்தத் தண்ணீரை வெறும் நிலத்தில் விட்டால் பக்கத்துக் கிணறுகளில் இறங்கும். நார்த்தூள் களங்களைச் சுற்றியுள்ள கிராமங்களில், கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது, உப்புக்கரிக்கிறது என்ற புகாரைச் சரக்கு பார்க்கப் போன இடங்களில் என் காதால் கேட்டிருக்கிறேன். மழை குறைந்த பூமியில் நல்ல தண்ணீரை எடுத்துத் தூளைக் கழுவி, தூளைக் கப்பலேற்றி, உப்பை ஊரில் வைத்துக்கொள்வது நியாயமான வியாபாரம் இல்லை. ஐரோப்பாவின் சதுப்பைக் காப்பாற்ற நம் கிணற்றை விலையாகக் கொடுக்க முடியாது.

வழி இல்லாமலும் இல்லை. தரையில் இறங்காதபடி தார்ப்பாய் விரித்த தொட்டியில் கழுவலாம். ஒரே தண்ணீரை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். மழைநீரைச் சேமித்து அதில் கழுவலாம். கழுவாத தூளை உள்ளூரிலேயே எருவாக்குவது இன்னொரு வழி. சிப்பிக் காளான் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காகத் தூவி மட்க வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் செலவு பிடிக்கும். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வாங்குகிறவர் தயாராக இருந்தால் மட்டுமே விற்கிறவர் செய்வார். வாங்குகிற இடத்தில் இருந்துகொண்டு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுத் தொட்டிக்கு

தாய்மார்களுக்கும் தோட்டப் பிரியர்களுக்கும் சில குறிப்புகள். கட்டி வாங்கும்போது கழுவின ரகமா, உப்பு குறைந்ததா என்று உறையில் பாருங்கள். 650 கிராம் கட்டிக்கு மூன்று நாலு லிட்டர் தண்ணீர் போதும். எட்டு ஒன்பது லிட்டர் அளவுக்குப் பொங்கி வரும். முதலில் ஊறின தண்ணீரைப் பிழிந்து ஊற்றிவிட்டு, இன்னொரு தடவை அலசிக்கொள்ளுங்கள். நார்த்தூளில் சத்து அநேகமாகக் கிடையாது. அது வெறும் வீடு, சாப்பாடு நாம்தான் போட வேண்டும். ஒரு பங்கு நார்த்தூள், ஒரு பங்கு மண், ஒரு பங்கு மண்புழு உரம் என்று கலந்தால் கறிவேப்பிலை தளதளவென்று வரும். ‘பாட்டிங் மிக்ஸ்’ என்று வாங்கும் பைகளில் ‘பீட் மாஸ்’ என்று எழுதியிருந்தால், அது ஏதோ ஒரு குளிர்நாட்டுச் சதுப்பிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பால்கனித் தொட்டிக்கு அது தேவையே இல்லை.

ஒரு பொருள் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் நாம். அது எத்தனை வருஷத்தில் உண்டானது, அதற்காக யார் வீட்டுத் தண்ணீர் செலவானது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கப் பழகினால், வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் கழுவின கட்டிக்கு நாலு ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். அந்த நாலு ரூபாயில் ஒரு பங்காவது பொள்ளாச்சிப் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேரட்டும்.